வாயில் திறந்திருந்தால் மலை பாதுகாப்பானதா?

கேள்வி: தேசியச் சேவையை முடித்த என் மகன், நண்பர்களுடன் ஜனவரியில் ஜப்பானின் நிசெகோவுக்குப் பனிச்சறுக்கப் போகிறான். சறுக்குத்தளத்தின் எல்லையைத் தாண்டிக் காட்டுச் சரிவுக்கும் அழைத்துப்போவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் பணம் கேட்கிறார். “வாயில் திறந்திருந்தால் ஆபத்தில்லை, மரங்களுக்கு நடுவே பனி சரியாது” என்கிறார். நம்பலாமா? (வாசகி, செங்காங், சிங்கப்பூர்)

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள்.

நிசெகோவில் காற்றையும் பனியையும் பார்த்துத்தான் தளத்தின் எல்லையில் உள்ள வாயில்களைத் திறப்பதும் மூடுவதும். திறந்திருந்தால் உள்ளே போகத் தடையில்லை, அவ்வளவுதான். அதற்கு அப்பால் உள்ள சரிவுக்கு எவரும் உத்தரவாதம் தரவில்லை. அங்கே மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். மூடிய வாயிலையோ எல்லைக் கயிற்றையோ தாண்டினால் லிஃப்ட் டிக்கெட்டையும் பறித்துவிடுவார்கள்.

பனிச்சரிவு கிளம்புவது இப்படித்தான்: அடியில் பலவீனமான அடுக்கு இருக்க, மேலே காற்று கொண்டுவந்து குவித்த பனி பலகைபோல் இறுகிக் கிடக்கும். ஒருவர் ஏறிய பாரத்தில் அது மொத்தமாக உடைந்து கிளம்பும். பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலோர், தாங்களோ தம் குழுவினரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைப்பகுதிகளே மோசமானவை. எம்ஆர்டி ரயில் நிலையத்து மின்படிக்கட்டின் சாய்வு ஏறத்தாழ 30 பாகை. அதைவிடச் செங்குத்தாகத் தெரியும் இடத்தில், கடும் பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாள்கள் கால் வைக்கக் கூடாது.

மரங்களைப் பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது ஆளை ஏமாற்றுகிறது. மனிதர் நுழைய முடியாதபடி நெருங்கி வளர்ந்த காடு பனியைப் பிடித்துவைக்கும். ஆனால் உங்கள் மகன் வளைந்து வளைந்து சுகமாகச் சறுக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால், பனிக்கும் அந்த இடைவெளி போதும். மேலே வெட்டவெளியில் கிளம்பிய பனிச்சரிவும் அந்தக் காட்டுக்குள் பாய்ந்து வரும். ஓடிவரும் பனி ஆளை மரத்தில் மோதிவிடும். போதாததற்கு, மரத்தடியைச் சுற்றி இளகிய பனியால் மூடிய குழிகள் இருக்கும். தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியே வருவது மிகக் கடினம். மரம் இருப்பதால் பயமில்லை என்று விற்பவர் மலையை அறியாதவர், அல்லது அறிந்தே பொய் சொல்பவர்.

வழிகாட்டியாக வருபவர் யார்? பனிச்சறுக்குப் பயிற்றுநர் சான்றிதழைக் காட்டினால் போதாது. அது தளத்துக்குள் கற்றுக்கொடுப்பதற்கு உரியது. ஜப்பான் மலை வழிகாட்டிகள் சங்கம் போன்ற அமைப்பு வழங்கிய மலை வழிகாட்டித் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். தனிநபர் எண்ணுக்குப் பேநவ் வழியாக முன்பணம் அனுப்பவே கூடாது. பயண முகவருக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். ஆனால் அந்த உரிமம் இருப்பவருக்கும் பனியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை! காப்புறுதி நிறுவனங்களோ விளம்பரத்தில் பனிமலைப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, எல்லைக்கு வெளியே சறுக்கினால் இழப்பீடு இல்லை என்பதைக் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கின்றன. பல திட்டங்கள் இப்படித்தான். வாய்மொழியை ஏற்காமல், “எல்லைக்கு வெளியே, வழிகாட்டியுடன்” என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

“கருவிகள் எல்லாம் தருகிறோம்” என்பதும் பாதி ஏமாற்று. குழுவில் ஒவ்வொருவரும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி, பனியைத் துழாவும் நீண்ட கம்பு, மண்வாரி மூன்றையும் சுமக்க வேண்டும். தேடிப் பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடங்களில் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி நேரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்துக்குள் எந்த மீட்புக் குழுவும் வந்து சேராது, தோண்டப்போவது நண்பர்கள்தான். தேசியச் சேவையில் கிடைத்த உடல்வலு இதற்கு ஈடாகாது.

நிசெகோவுக்கென்று குளிர்காலத்தில் காலைதோறும் பனிச்சரிவுத் தகவல் வெளியாகிறது. அதை யார் படிப்பார், நிலைமை மோசமென்றால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அப்போது பணம் திரும்புமா? இந்த மூன்றையும் இன்றே அந்த நபரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மகன் தளத்துக்குள்ளேயே சறுக்கட்டும்.