லென்ஸ் வாங்கப் போறியளா? கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டைத் தம்பி: அண்ணாச்சி, குறும்படம் எடுக்கணும். கையில 60 ஆயிரம் இருக்கு. காசை கேமராவுல போடவா, லென்ஸ்ல போடவா?

லென்ஸ்ல போடுங்க தம்பி. கேமரா பழசு ஒண்ணு போதும், அது நாலஞ்சு வருஷத்துல எப்படியும் மாறிரும். நான் சொல்லுதது நிக்கான் எஃப் மவுண்ட்ல (மவுண்ட்னா லென்ஸை கேமராவுல மாட்டுத வாய்) வந்த பழைய மேனுவல் லென்ஸ், அதாவது கையால வளையம் சுத்தி ஃபோகஸ் பண்ணுதது. அந்த மவுண்ட் வந்தது 1959ல. லென்ஸ் உக்காருத இடத்துக்கும் சென்சாருக்கும் (உள்ள படம் விழுத தகடு) நடுவுல 46.5 மில்லிமீட்டர். கேனான் ஈஎஃப்ல அது 44, சோனி ஈ மவுண்ட்ல 18, நிக்கான் இசட்ல 16. மிச்ச இடைவெளியை ஒரு வெறும் உலோக வளையம் அடைச்சிரும். அதனால நாளைக்கு இந்த மாதிரி இடைவெளி குறைஞ்ச கேமரா எதுக்குப் போனாலும் இந்த லென்ஸ் கூடவே வரும். இசட் லென்ஸைக் கொண்டுபோய் எஃப் கேமராவுல மாட்டினா தூரத்துல உள்ளது ஃபோகஸே ஆகாது. ஒண்ணு கவனம்: நிக்கான்லயே ஜி வகை லென்ஸ் வேண்டாம், அதுல அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையுத துவாரம்) கையால மாத்துத வளையம் கிடையாது. முதல்ல ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குங்க, அகலமாத் தெரியும்; அடுத்தது 85, முகத்தைக் கிட்டக் காட்டும்.

அம்பாசமுத்திரம்: செகண்ட் ஹேண்ட்ல எதைப் பாக்கணும்?

பூஞ்சை! அப்பர்ச்சரை முழுசாத் திறந்து, பின்னால இருந்து டார்ச் அடிச்சு, சாய்ச்சுச் சாய்ச்சுப் பாருங்க. ஓரத்துல இருந்து வெள்ளை நூல் மாதிரி படர்ந்திருந்தா கீழ வச்சிருங்க. என் 85ஐத் தோல் உறையோட பீரோவுல வச்சேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு தைப்பொங்கலுக்கு எடுத்தா, கண்ணாடிக்குள்ள வேர் ஓடியிருக்கு. பிரிச்சுத் துடைச்சும் பூச்சுல விழுந்த தடம் போகல. காத்துப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதம். தோல் உறை வேண்டவே வேண்டாம்.

தென்காசி: கேமரா கூடவே வார 18-55 கிட் லென்ஸ் போதாதா?

பழகப் போதும். ஷாட் நடுவுல ஜூம் பண்ணினா 3.5 அப்பர்ச்சர் 5.6க்குச் சுருங்கி (எண் கூடினா துவாரம் சின்னது), படம் இருட்டும்.

வண்ணார்பேட்டை: ஆட்டோஃபோகஸ் காலத்துல மேனுவலா? பிள்ளைகளை ஏன் கஷ்டப்படுத்துதீங்க?

கஷ்டமில்லை தம்பி, பிடிமானம். வளையத்துல வெள்ளை டேப் ஒட்டி, 4 அடிக்கு ஒரு கோடு, 9 அடிக்கு ஒரு கோடு போடுங்க. ஏழாவது டேக்லயும் அதே கோட்டுல அதே ஃபோகஸ் நிக்கும். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்ல உள்ள எலக்ட்ரானிக் வளையம் பலதுல வேகமாச் சுத்தினா ஒரு இடம், மெல்லச் சுத்தினா வேற இடம். கோடு போட்டு என்ன பிரயோஜனம்?

வண்ணார்பேட்டை: கல்யாண வீட்டுல ஓடுத பிள்ளையைக் கோடு போட்டா பிடிப்பீங்க?

அங்க ஆட்டோஃபோகஸ்தான் சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா நடிக்கவங்க முகத்துல எந்த நொடியில ஃபோகஸ் மாறணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், மோட்டார் இல்ல. அந்த மோட்டார் செத்து, பாகமும் கிடைக்காமப் போனா லென்ஸே போச்சு. பழசுல கிரீஸ் மாத்தினா திரும்ப ஓடும்.

மேலப்பாளையம்: கேமரா வாங்கவா, லென்ஸ் வாங்கவா?

முதல் பதிலைப் படிங்க.

குறுக்குத்துறை: ஆத்துல மதிய வெயில், 2.8ல எடுத்தா எல்லாம் வெளுக்கு.

செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஷட்டர் 1/50 செகண்ட். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை வாங்குத கூர்மை) 100ல வச்சாலும் அந்த வெயிலுக்கு அப்பர்ச்சர் 22 கேக்கும். 2.8க்கு வர 6 ஸ்டாப் குறைக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி), அதாவது என்டி 64, லென்ஸ் முன்னால மாட்டுத கறுப்புக் கண்ணாடி ஃபில்டர். 77 மில்லிமீட்டர் அகலத்துல ஒண்ணே வாங்கி, சின்ன லென்ஸுக்கெல்லாம் அது பொருந்த ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கிடுங்க.

களக்காடு: எந்த ட்ரோன் வாங்கலாம்?

ஓட்டுதவங்ககிட்ட கேளுங்க.

கல்லிடைக்குறிச்சி: மாஞ்சோலைக்கு ஷூட்டிங் போறோம் அண்ணாச்சி, மேனுவல் லென்ஸ்தான்.

நல்லது. பனியில நனைஞ்ச லென்ஸை மூடி போட்டுப் பையில அடைச்சிராதீங்க. கீழ இறங்கின ராத்திரியே துடைச்சு, ஃபேன் காத்துல ஆற விட்டு, அப்புறம் டப்பாவுல வைங்க.