கிண்டல் யார்மேல்?

கேள்வி: நானும் நண்பர்களும் சேர்ந்து, சிங்கப்பூர் வாழ்க்கையைக் கிண்டலடிக்கும் ஏழு புதுச் சொற்களைப் பொருளோடு எழுதி அனுப்பினோம். நான்கைப் போட்டுவிட்டு மூன்றை வெட்டிவிட்டீர்கள். கிண்டல் என்றால் நாலு பேருக்கு உறைக்கத்தான் செய்யும். அதற்கெல்லாம் பயந்தால் தமிழில் புதுச் சொல் எப்படிப் பிறக்கும்?
வாசகர், ஈசூன்

பதில்: உறைக்கட்டும். உறைக்கவேண்டும் என்றுதான் அந்த நான்கையும் போட்டேன்.

'டிஷ்யூ பட்டா'வைப் படித்துவிட்டு அலுவலகமே சிரித்தது. மதிய நேரத்தில் உணவங்காடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். சூடான மீ சூப்பைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஒரு பாட்டி நிற்பார். பக்கத்திலேயே நாலு பேர் உட்காரும் மேசை, ஆளே இல்லாமல், நடுவில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தோடு கிடக்கும். ஊரில் பேருந்துச் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதற்கு இங்கே 'சோப்' என்று பெயர். நீங்கள் அதை நிலப் பட்டாவாக்கி, "வாரிசுக்கும் செல்லும்" என்று பொருள் எழுதினீர்கள். அந்த இரண்டு சொல் போதும், பொட்டலத்தை வைத்தவர் முகத்தில் அறைய.

'ஏப்ரல் தமிழர்' அதைவிடக் கூர்மை. தமிழ்மொழி விழா நடக்கும் மாதம் முழுக்க மேடையில் முழங்கிவிட்டு, மே பிறந்ததும் பெற்ற பிள்ளையோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறவர். சிலர் கோபித்துக்கொண்டு எழுதினார்கள். கோபிக்கட்டும். வாங்கிய சால்வையை அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்தும் 'பொன்னாடை வங்கி'யும், பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டதும் கைப்பேசிக்குள் புகுந்துகொள்ளும் 'மின்தூக்கி விரத'மும் அப்படியே நன்றாக இருந்தன.

இந்த நான்கிலும் அடி வாங்குகிறவர் நினைத்தால் நாளைக்கே தப்பித்துக்கொள்ளலாம். பொட்டலத்தை எடுத்துவிடலாம், மே மாதமும் தமிழ் பேசலாம். வெட்டிய மூன்றுக்கு வருவோம். அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஒன்று தோல் நிறத்தைக் கேலி செய்கிறது. இன்னொன்று, ஊரிலிருந்து புதிதாக வந்தவர் ஆங்கிலம் பேசும் விதத்தை. மூன்றாவது, லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகும் தொழிலாளியை. இவர்கள் எதை விட்டொழித்தால் உங்கள் சொல் இவர்களை விடும்?

இந்த ஊருக்குக் கிண்டல் புதிதில்லை. தோற்றுவிடுவோமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் முண்டியடிப்பவரை ஹொக்கியனில் 'கியாசு' என்றார்கள். அது இன்று எல்லா இனத்தார் வாயிலும் இருக்கிறது, எல்லாரும் தம்மையே சொல்லிச் சிரிக்கிறார்கள். மலாய் மொழியில் கூத்தைக் குறிக்கும் 'வாயாங்', தேசிய சேவை என்னும் கட்டாயப் படைப்பணிக்குப் போன பையன்களிடம் மாட்டி, அதிகாரி பார்க்கும்போது மட்டும் வேலை செய்பவனைச் சுட்டும் சொல்லானது. 1998இல் ஈஆர்பி என்னும் மின்னியல் சாலைக் கட்டணம் வந்ததும், அந்த மூன்று ஆங்கில எழுத்துக்கு 'எவ்ரிடே ராப் பீப்பிள்', அதாவது தினமும் மக்களைக் கொள்ளையடி, என்று விரிவு சொன்னார்கள். கட்டணம் கட்டுகிறவன் கட்டணம் வாங்குகிறவரைப் பார்த்துச் சொன்னது அது.

தவறான பக்கம் திரும்பிய சொற்களும் உண்டு, அவை நம்மேலேயே விழுந்தவை. 'அண்ணே' என்று நாம் மரியாதையாகக் கூப்பிடுவதை, இந்தியரை இளக்காரம் செய்யச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவோடு 2005இல் கையெழுத்தான பொருளியல் ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயர் 'சீக்கா'. அது வசைச்சொல்லாகி, மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பத்துப் பிள்ளைமீதும் விழுந்தது. நிறத்தைப் பார்த்து வீசுகிறவன் அடையாள அட்டையைக் கேட்பதில்லை. அந்த வலி தெரிந்த நாமே, சக தமிழரைப் பார்த்து அதே வேலையைச் செய்யலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் ஆசிரியராக இருக்கும்வரை இந்தப் பக்கத்தில் அது வராது.

அப்புறம், புதுச் சொல் பிறப்பது பற்றி. அதற்கு எங்கள் பத்திரிகை தேவையே இல்லை. கோப்பிக்கடையில் நீங்கள் சொன்னதும், விளக்கம் கேட்காமல் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டு, மறுநாள் அவரே இன்னொருவரிடம் சொன்னால் அது பிழைத்துக்கொள்ளும். 'டிஷ்யூ பட்டா' பிழைக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மூன்றாவது சொல்லைத்தான் மறக்க முடியவில்லை. விடிவதற்குள் எழுந்து, சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையும் இல்லாமல் இருக்கை வாரும் இல்லாமல், லாரித் தட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு விரைவுச்சாலையில் போகிற மனிதர் அவர். நாம் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளை எழுப்பியதில் அவருக்கும் பங்கு உண்டு. அவருக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு உங்களுக்குச் சொல்வளம் இருக்கிறது. சரி, பேருந்து வைத்தால் செலவாகும் என்று அவரை அந்தத் தட்டில் ஏற்றி அனுப்புகிற முதலாளிக்கு ஒரு சொல் செய்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தின் முதலிலேயே போடுகிறேன்.