மார்கழிக் கடலுக்குக் கட்டிய முற்பணம்

கேள்வி: நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. நான்கு குடும்பங்கள், ஐந்து பிள்ளைகளோடு பதினான்கு பேர் சேர்ந்து, டிசம்பர் விடுமுறையில் திருகோணமலையில் ஒரு பாய்ப்படகை இரண்டு நாளுக்கு முழுதாக வாடகைக்குப் பேசினோம். நிலாவெளி, புறாத்தீவு, கடலில் இருந்தபடி கோணேசர் மலை என்று திட்டம். மொத்தம் 360,000 ரூபா. சீட்டுப் பணத்தில் 150,000 ரூபாவை செப்டெம்பர் முதல் வாரம் படகுக்காரரின் சொந்தக் கணக்கில் போட்டேன். "டிசம்பரில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், பயமே வேண்டாம்" என்று அவர் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பணம் போட்டு இரண்டு வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு படிவம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார். முற்பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது, காலநிலை கெட்டால் மூன்று மாதத்துக்குள் வேறு திகதி மட்டும், உயிருக்கோ உடலுக்கோ என்ன நடந்தாலும் தனக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருக்கிறது. திருகோணமலையில் இருக்கும் என் மதினி, அந்த மாதம் கடலில் இறங்கவே முடியாது என்கிறாள். பணம் திரும்பக் கிடைக்குமா? கையெழுத்துப் போடவா?

பதில்: டீச்சர், கையெழுத்துப் போட வேண்டாம். "நாங்கள் ரத்துச் செய்கிறோம்" என்றும் எழுத வேண்டாம். இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். முற்பணத் தகராறுகளில் மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான். ஒப்பந்தத்தை முதலில் முறித்தது யார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். காரணம் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொண்டால், "அந்தத் திகதிக்கு வந்த வேறு ஆட்களை இவர்களுக்காகத் திருப்பி அனுப்பினேன்" என்று அவர் சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் மதினி சொல்வது சரி. உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மழை விடாமல் கொட்டுகிறதே, அது தென்மேற்குப் பருவக்காற்று. மழையை மலையில் இறக்கிவிட்டு அந்தக் காற்று காய்ந்துபோய்க் கிழக்கே இறங்குகிறது. கச்சான் என்று அங்குள்ளவர்கள் சொல்வது அதைத்தான். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் படகுக்கு இசைவாக இருப்பதும் அதனால்தான். டிசம்பரில் காற்று திரும்பிவிடும். வாடை என்கிற வடகீழ்ப் பருவக்காற்று நேராகக் கிழக்குக் கரையில் மோதும், பதுளை, பண்டாரவளைச் சரிவுகளில் மழை நிற்காது. நான் பண்டாரவளையில் இருந்து எழுதுகிறேன், மார்கழியில் இங்கே குடையில்லாமல் நீதிமன்றத்துக்குப் போனதில்லை. அந்த மாதங்களில் உல்லாசப் படகுகளுக்குத் தெற்கே காலி, மிரிஸ்ஸப் பக்கம்தான் காலம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலை வைத்துப் பிழைப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, மலையில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் யாரும் எதிர்பார்க்க முடியாது. "கண்ணாடி மாதிரி" என்று அவர் எழுதிய அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் போட்டீர்கள். பொய்யான உறுதியை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் தள்ளிவிட்டுக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் வியாபாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படியும் குற்றம். அதனால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். மின்னணுச் செய்திகளைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வழி செய்கிறது.

அடுத்தது படிவம். பேசி முடித்துப் பணமும் கைமாறிய அன்றே உங்கள் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. பிறகு ஒருவர் தனியாக எழுதி அனுப்பும் நிபந்தனை, நீங்கள் ஒப்புக்கொண்டால் தவிர அதில் சேராது. உங்கள் கையெழுத்துக்கு அவர் இவ்வளவு அவசரப்படுவது இதற்காகத்தான்.

மூன்று நிபந்தனைகளிலும் எனக்கு அதிகம் கோபம் வந்தது கடைசி நிபந்தனையில்தான், ஐந்து பிள்ளைகள் போகிற படகு என்பதால். கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதித் தப்ப முடியாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் அதைச் செல்லாது என்கிறது. சரி, செல்லாதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இப்படி எழுதுகிறவரிடம் பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, பயணிகளை ஏற்ற அந்தப் படகுக்கு அனுமதி இருக்கிறதா, பயணிகளுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு என்றால், அந்தப் பதிவு மட்டும் உல்லாசப் பயணிகளை ஏற்றப் போதாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா என்றும் கேளுங்கள். பணம் தனியாள் கணக்குக்குப் போயிருப்பதால் வியாபாரப் பதிவின் பிரதியும் வேண்டும்.

காலநிலை கெட்டால் வேறு திகதி என்பதும் இங்கே வெறும் வார்த்தைதான். டிசம்பரிலிருந்து மூன்று மாதம் என்றால் பெப்ரவரி, மார்ச். அந்தக் காலத்தின் பெரும்பகுதி வாடைதான். ஒவ்வொரு வருடமும் வரும் காற்றை, எதிர்பாராத இயற்கைத் தடை என்று அவர் சொல்லவும் முடியாது.

இன்றே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "டிசம்பரில் கடல் அமைதியாக இருக்கும் என்று நீங்கள் எழுதியதை நம்பி 150,000 ரூபா செலுத்தினேன். அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் என்று இப்போது அறிகிறேன். நீங்கள் அனுப்பிய படிவத்தின் நிபந்தனைகளை நான் ஏற்கவில்லை. ஒன்று, அடுத்த ஆகஸ்ட் விடுமுறைக்கு அதே கட்டணத்தில் திகதி கொடுத்து, படகின் அனுமதி, காப்புறுதிப் பிரதிகளை அனுப்புங்கள். அல்லது 14 நாட்களுக்குள் முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்." இதில் ரத்து என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதையே கடிதமாகப் பதிவுத் தபாலிலும் போட்டு, பற்றுச்சீட்டை வங்கிச் சிட்டையோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் விவரம் கேட்கலாம். முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் கெடு உண்டு. பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணி, டிசம்பர் முதல் வாரத்துக்கு முன் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் அலுவல் பார்ப்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை. சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைந்து நம் சனம் எத்தனையோ கெடுக்களைத் தவறவிட்டிருக்கிறது.

வழக்கு என்று போனால், இந்த அளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே சமரசம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. சபையில் உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். தினமும் வகுப்பில் நின்று பேசுகிறவருக்கு அது பெரிய விசயமில்லை. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் இருந்தால் ஆறு வருடம். உங்கள் வட்ஸ்அப் உரையாடலை எழுத்து ஒப்பந்தமாக எடுப்பார்களா என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனாலும் மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. பணம் நான்கு வீட்டுச் சீட்டுப் பணம், வங்கிச் சிட்டையில் இருப்பதோ உங்கள் பெயர் மட்டும். யார் யார் எவ்வளவு போட்டார்கள், பேச உங்களுக்கு அதிகாரம் தருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, மற்ற மூன்று குடும்பத்திடமும் இந்த வாரமே கையெழுத்து வாங்கி வையுங்கள்.