அண்ணாச்சி பதில்கள்: சுவரேறிகளின் பாஷை

கேள்வி: அண்ணாச்சி, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் லீவு நாளானால் ஏதோ ஹாலுக்குள் கட்டியிருக்கிற பாறைச் சுவரில் ஏறப் போய்விடுகிறாள். போன் போட்டால் “ரெண்டு பிராப்ளம் முடிச்சேன்பா, அடுத்ததுல கிரிம்ப் நிக்கல, ஒருத்தர் பீட்டா சொன்னாரு” என்கிறாள். ஆபீஸில்தான் ஏதோ பிரச்சினை என்று நினைத்துவிட்டேன். என்ன பாஷை இது?
- விக்கிரமசிங்கபுரம் வாசகர்

பதில்: ஆபீஸெல்லாம் நல்லாத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். கயிறு இல்லாமல் குட்டைச் சுவரில் ஏறுவதற்குப் போல்டரிங் என்று பெயர். நாலு, நாலரை மீட்டர் உயரம் இருக்கும், கீழே கனத்த மெத்தை கிடக்கும். அந்தச் சுவரில் ஒரே நிறத்தில் இருக்கிற பிடிகளை மட்டும் பிடித்து, மிதித்து, உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பற்றி நிதானமாக நின்றுவிட்டால் ஒரு பிராப்ளம் முடிந்தது. கயிறு கட்டி உயரமான சுவரில் ஏறினால் அதே சங்கதிக்கு ரூட் என்று பெயர்.

பிடிகள் எல்லாம் பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு முடுக்கிய பிளாஸ்டிக் கட்டிகள்தான். நாலு விரலும் முழுசாக உள்ளே போய் வாகாகப் பிடிக்க முடிந்தால் ஜக். விரல் நுனி மட்டும் ஒண்டிக்கொள்ளும் மெல்லிய விளிம்பு கிரிம்ப். ஒரு விரலோ இரண்டு விரலோ நுழைகிற குழி பாக்கெட், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் எதிர்ப்பக்கமுமாகக் கவ்வுவது பின்ச். ஆளை அழவைப்பது ஸ்லோப்பர். குழவிக்கல்லின் தலையைச் சுவரில் ஒட்டி வைத்த மாதிரி வழவழவென்று இருக்கும், பிடிக்க விளிம்பே கிடையாது, உள்ளங்கையை அகல விரித்து ஒட்டி, உடம்பை அதற்கு நேர் கீழே தொங்கவிட்டால்தான் நிற்கும், இடுப்பு கொஞ்சம் வெளியே போனாலும் கை வழுக்கி மெத்தைக்கு வந்துவிடலாம்.

எந்தக் கையை எங்கே வைக்கணும், எந்தக் காலை எப்போது மாற்றணும் என்கிற விவரம்தான் பீட்டா. பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட்டை வைத்து ஜாக் மிலெஸ்கி என்ற அமெரிக்கர் விளையாட்டாகக் கிளப்பிவிட்ட பெயர் என்பார்கள். கேட்காமல் பீட்டா சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. (நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றுதான் கஷ்டம்.)

கேள்வி: கையில் பூசுகிற வெள்ளைப் பொடிக்குப் பதில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் பொடித்துக்கொள்ளலாமா?
- தென்காசி மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. அது மெக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சும். சாக்பீஸ் ஜிப்சமோ சுண்ணாம்போ, அந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி: வி-4 ஏறிட்டேன் என்று என் தம்பி பீற்றிக்கொள்கிறான். அது பெரிய விஷயமா?
- அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பெரிய விஷயம்தான் தாயி, பீற்றிக்கொள்ளட்டும். ஒரு பிராப்ளம் எவ்வளவு கஷ்டம் என்று காட்டுகிற எண் அது, எண் ஏற ஏறக் கஷ்டமும் ஏறும். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் பாறை ஏறிய ஜான் ஷெர்மனுக்கு வெர்மின் என்று பட்டப்பெயர், அதில் இருந்து வந்ததுதான் அந்த ‘வி’. வி-0-வில் ஆரம்பித்து வி-17 வரைக்கும் போகிறது. பிரான்சு வழக்கத்தில் 6ஏ, 7பி என்று போடுவார்கள். ஆனால் இந்த எண் எல்லாம் சுவரில் பிடிகளை அமைத்தவர் கணிப்பு, ஒரு ஜிம்மில் வி-4 ஏறியவன் இன்னொரு ஜிம்மில் வி-2-விலேயே திணறுவது சகஜம்.

கேள்வி: நம்ம பனையேறிகளை அனுப்பினால் ஒலிம்பிக்கில் மெடல் அடித்துவிட மாட்டார்களா?
- உடன்குடி வாசகர்

பதில்: ஆசை நியாயமானது. ஸ்பீடு போட்டிச் சுவர் 15 மீட்டர் உயரம், 5 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருக்கும், உலகம் பூராவும் அதே பிடி, அதே வரிசை. 2024 பாரிஸில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். பனையேறிக்குத் தளைநார் காலில், பாளை அரிவாள் இடுப்பில், கீழே மெத்தை கிடையாது, இறங்கும்போது பதனீரும் சிந்தக் கூடாது. அவர் வேலை ஓட்டப்பந்தயம் இல்லை. அதே ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே ஒரு சுவர் கட்டிக் கொடுத்தால், அப்போது கேளுங்கள், நானே கைதட்ட வருகிறேன்.

கேள்வி: கயிறு பிடிக்கிறவரிடம் டேக், ஸ்லாக் என்று கத்துவதற்குப் பதில் இழு, விடு என்று தமிழில் சொன்னால் என்ன அண்ணாச்சி?
- பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

பதில்: ஜக், ஸ்லோப்பர் எல்லாம் தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, ஏற ஏறத் தானே வரும். கயிற்றுச் சொற்கள் அப்படி இல்லை, தரையில் நிற்கும்போதே மனப்பாடம் ஆகியிருக்கணும். கீழே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வது பிலே. கயிற்றை இறுக்கச் சொன்னால் டேக், கொஞ்சம் தளர்த்தச் சொன்னால் ஸ்லாக். கூட்ட இரைச்சலில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ‘விடு’ அதைவிட மோசம்: தளர்த்தச் சொன்னீர்களா, கீழே இறக்கச் சொன்னீர்களா, கயிற்றையே விடச் சொன்னீர்களா? தமிழில்தான் சொல்லணும் என்றால் இறுக்கு, தளர்த்து, இறக்கு என்று மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தோழியோடு மட்டும். முன்பின் தெரியாதவர் பிலே பிடித்தால் டேக், ஸ்லாக்தான். சொல்லுக்கு முன்னால் அவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், பக்கத்துக் கயிற்றுக்காரர் தனக்கென்று நினைத்துவிடக் கூடாது. கயிற்றில் 8 வடிவில் போட்ட முடிச்சையும் இடுப்பு பெல்ட்டையும் ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைக்கணும்.