இடுப்பில் தெரியும் துப்பாக்கி, தெரியாத துப்பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் பக்கம் பிளேனோவில் குடியிருக்கிறோம். எனக்கு எச்-1பி விசா. போன வாரம் மளிகைக் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் இடுப்பில் கைத்துப்பாக்கி. போலீஸ்காரர் இல்லை. கையில் பாலும் வாழைப்பழமும். என் மனைவி குழந்தையை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பில் போட்ட பெண்ணோ அவரிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். லைசென்ஸே வேண்டாமாம். ஆனால் பக்கத்துக் கடை வாசலில் ‘30.07’ என்று பெரிய போர்டு. நியூ ஜெர்சி நண்பன், ‘இங்கே அப்படி நின்றால் நேரே ஜெயில்’ என்கிறான். ஒரே நாட்டில் இதென்ன கூத்து? அலுவலகத்தில் ஒருவர், நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள் என்கிறார். வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த போர்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 30.07 என்பது டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு. லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட வெளியே தெரியும்படி கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்பது சாரம். கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு எழுதி மாட்ட முடியாது. சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய போர்டு. மறைத்துக் கொண்டுவருவதையும் தடுக்க வேண்டுமென்றால் 30.06 என்று இன்னொன்று மாட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு 30.05. ஆக, 30.07 மட்டும் மாட்டிய கடை லைசென்ஸ்காரரைத் துப்பாக்கியோடு வராதே என்று சொல்லவில்லை. மற்றவர் கண்ணில் படாமல் கொண்டுவா என்கிறது. உங்கள் மனைவி மாதிரி வாடிக்கையாளர்களுக்காகத்தான் அந்த போர்டு. அவர் மிரளாமல் வாங்கிக்கொண்டு போவார். துப்பாக்கி பக்கத்திலேயேதான் இருக்கும்.

காட்டுவதா மறைப்பதா என்ற சண்டை அங்கே 200 வருடத்துக்கும் மேல் பழையது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எல்லாம் தலைகீழ். 1813இல் கென்டக்கியும் லூசியானாவும் தடை போட்டது ஆயுதத்தை மறைத்துக்கொண்டு போவதற்குத்தான். யோக்கியன் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்வான், ஒளித்து வைப்பவன் முதுகில் சுடுகிறவன் என்பது அந்தக் காலத்து எண்ணம். லூசியானா உச்ச நீதிமன்றம் 1850இல் ஏறக்குறைய இதையே தீர்ப்பாக எழுதியது. இன்று நியூயார்க்கிலும் இல்லினாயிலும் லைசென்ஸ் வாங்கி மறைத்துக்கொண்டு போகலாம். வெளியே தெரிந்தால் குற்றம்.

டெக்சாஸ் என்றதும் கௌபாயும் துப்பாக்கியும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் 1871இல் கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடுவதையே அந்த மாநிலம் தடை செய்துவிட்டது. சில விலக்குகளோடு அந்தத் தடை 100 வருடத்துக்கு மேல் நின்றது. நீளத் துப்பாக்கிக்கு அது கிடையாது. 2015 முடியும்வரை தோளில் ரைஃபிளோடு தெருவில் போகலாம், இடுப்பில் பிஸ்டல் தெரியக்கூடாது!

தடையை உடைத்தது 1991 அக்டோபர் 16. கிலீன் என்ற ஊரில் லூபிஸ் உணவகத்தின் கண்ணாடியை இடித்துக்கொண்டு ஒருவன் வண்டியோடு உள்ளே வந்தான். இறங்கிச் சுட்டதில் 23 பேர் செத்தார்கள். சூசானா ஹப் அப்போது அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய துப்பாக்கி வெளியே காரில் இருந்தது. கைரோபிராக்டராக, அதாவது முதுகெலும்பைக் கையால் சரிசெய்பவராகத் தொழில் செய்தவர். கையில் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் தொழில் உரிமம் போய்விடும் என்று காரிலேயே விட்டிருந்தார். சுட்டவனைப் பிடிக்கப் பாய்ந்த அப்பா குண்டடிபட்டுச் செத்தார். அவரை விட்டு நகராத அம்மாவையும் அவன் கொன்றான். பிறகு ஹப், துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். மறைத்துக் கொண்டுபோக அனுமதிப்பது பற்றிய மசோதாவை கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் 1993இல் தடுத்தார். அடுத்த வருடம் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் புஷ், லைசென்ஸ் வாங்கி மறைத்துக்கொண்டு போகலாம் என்ற சட்டத்தில் 1995இல் கையெழுத்துப் போட்டார். ஹப் சொன்னதைக் கேட்ட எவரும் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது, நானும் தள்ளவில்லை.

ஆனால் அந்த 1995 சட்டத்தில் வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, கைரேகை எல்லாம் இருந்தன. 2016 ஜனவரியில் லைசென்ஸ்காரர்கள் உறையில் போட்டு வெளியே தெரியக் கட்டிக்கொள்ளலாம் என்றானது. டிவி முழுக்க அதுதான் பேச்சு. என் கணக்கில் பெரிய மாற்றம் 2021 செப்டம்பர் 1இல் வந்ததுதான். 21 வயதாகி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை ஏதும் இல்லையென்றால், மறைத்தோ காட்டியோ போகலாம் என்றானது. ஒரு தேர்வும் வேண்டாம். வரிசையில் நின்றவரிடம் கண்ணில் பட்டது துப்பாக்கி. அவருக்கு அதைக் கையாளத் தெரியுமா என்று யாராவது சோதித்தார்களா என்பது கண்ணில் படாது, கேட்கச் சட்டமும் இல்லை. என் கவலை அதைப் பற்றித்தான். துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹியூ குழுவினரின் ஆய்வோ, டெக்சாஸின் 1995 சட்டம் மாதிரி சாதாரண ஆளுக்கும் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்த மாநிலங்களில் 10 வருடத்தில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதல் என்கிறது. மறுப்பவர்களும் உண்டு, எனக்கு டோனஹியூ கணக்கில்தான் நம்பிக்கை.

நியூ ஜெர்சி நண்பர் சொல்வது சரி. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இது எல்லா மாநிலத்திலும் செல்லாது. அவரவர் இஷ்டம். டெக்சாஸ் லைசென்ஸை நியூ ஜெர்சி ஏற்பதில்லை. அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டால் அங்கே 5 முதல் 10 வருடம். 2022இல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனக்கென்று விசேஷமான காரணத்தை நிரூபித்தால்தான் லைசென்ஸ் என்ற நியூயார்க் விதியை ரத்து செய்தது. அதன்பின் நியூ ஜெர்சியிலும் சாதாரண ஆள் லைசென்ஸ் வாங்க வழி பிறந்தது. ஆனால் அந்த மாநிலத்தின் லைசென்ஸ்தான் வேண்டும்.

அப்புறம், வாங்கலாமா என்ற கேள்வி. வேண்டாம். இது என் கருத்தாக மட்டும் சொல்லவில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டமே தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் உங்களுக்கு அது உதவாது. கிரீன் கார்டு வந்தால் அந்தத் தடை இல்லை. அலுவலக நண்பர் குடிமகனாக இருப்பார், இது அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுபடி யாரையாவது அப்படிப் பார்த்தால், உறையில் கிடக்கும்வரை அதில் குற்றமில்லை, போலீஸைக் கூப்பிட்டும் பயனில்லை. வாசலில் 30.07 இருந்தால் மேனேஜரிடம் சொல்லுங்கள். அவரை வெளியே போகச் சொல்ல வேண்டியது கடையின் வேலை. அவர் கை துப்பாக்கி உறையின் பக்கம் போனால், உடனே அவசர எண் 911.