நவம்பரில் இடம் மாறும் அடுப்பு (வாசகர் கடிதம்)

வணக்கம். கணினி வேலைக்காக டோக்கியோவில் இருக்கிறேன். பொறுமை வரும் என்று நண்பர் சொன்னதால், ஏப்ரலில் உரசென்கே மரபில் தேநீர்ச் சடங்கு கற்கச் சேர்ந்தேன். இரண்டு மாதம் பட்டுத்துணி மடிப்பதிலேயே போயிற்று. முழுமுறையை ஒருவழியாக ஒப்பேற்றத் தொடங்கியபோது நவம்பர் வந்தது. அடுப்பு முதல் அகப்பை வரை எல்லாம் மாறிவிட்டது. நுரையும் சரியாக வரவில்லை. வகுப்பில் குறிப்பெடுக்கவும் விடுவதில்லை. இதில் மனம் எங்கே வளர்கிறது?
ம.

அன்புள்ள ம.,

மே முதல் அக்டோபர் வரை ஃபுரோ. பாயின் மேல், விருந்தினரிடமிருந்து தள்ளி நிற்கும் அடுப்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ரோ. தரையில் வெட்டிய குழியடுப்பு. குளிர்காலத்தில் நெருப்பு விருந்தினர் பக்கம் நகர்கிறது, காரணம் அவ்வளவு எளியது. கற்பவருக்கோ உட்காரும் கோணமே திரும்பிவிடுகிறது. மூங்கில் அகப்பையின் குழி பெரிதாகிறது. கோடையில் அரும்பாடுபட்டுப் பழகிய மூன்று வித அகப்பை வைப்பும் இப்போது கிடையாது. கை தானாக ஓடத் தொடங்கும் நேரம் பார்த்து இந்த மாற்றம் வருவதை நான் நல்லது என்றே சொல்வேன். தானாக ஓடும் கையில் கவனம் இருப்பதில்லை.

நீங்கள் கேட்கும் வளர்ச்சியைத் தனியே மனதில் தேடாதீர்கள், கையைப் பாருங்கள். நட்சுமேயை, அதாவது தேயிலைத்தூள் டப்பாவை, கீழே வைக்கும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அடுத்து எடுக்கவேண்டிய மூங்கில் கரண்டிக்குத் தாவியிருக்கும். டப்பா அரை விரல் தள்ளி உட்காரும், அதன்பின் வைப்பதெல்லாம் கோணலாகும். வைத்த பிறகும் ஒரு கணம் விரல் அதிலேயே இருக்கட்டும். கனமானதை லேசானதுபோல, லேசானதைக் கனமானதுபோலக் கையாள் என்பது அங்கே பழைய பாடம். தண்ணீர் நிறைந்த ஜாடியில் யாரும் கவனம் பிசகுவதில்லை. சில கிராமே இருக்கும் கரண்டியில்தான் பிசகுவார்கள்.

துணிக்கும் இரண்டு மாதம் அதிகமில்லை. ஃபுகுசா என்ற அந்தப் பட்டுத்துணியின் மூன்று பக்கம் தையல், நாலாவது பக்கம் தையலில்லாத மடிப்பு. அந்த மடிப்பு வலக்கைப் பக்கம் வராமல் தொடங்கினால் கடைசிவரை சரியாகாது. வீட்டில் தினமும் பத்து முறை மடியுங்கள், போதும். பாத்திரங்கள் ஏற்கெனவே சுத்தமானவைதான். விருந்தினர் முன் அந்தத் துணியால் மறுபடி துடைப்பது அழுக்குக்காக அல்ல.

நுரை விஷயம் முழுக்கக் கைவேலை. மாட்சாவை, அதாவது பச்சைத் தேயிலைத்தூளை, சலித்தீர்களா? சலிக்காவிட்டால் கட்டி கரையாது. கிண்ணத்தையும், நுரை அடிக்கும் துடைப்பமான சாசெனின் மூங்கில் இழைகளையும் வெந்நீரில் நனையுங்கள், காய்ந்த இழை ஒடியும். தூள் 2 கிராம், நீர் 60 முதல் 70 மி.லி., சூடு 80 டிகிரி அளவில். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். இடக்கையால் கிண்ணத்தைப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுங்கள். வட்டமாகக் கலக்கினால் நுரை எழாது, அடியில் அழுத்தினால் இழை வளையும். தோளில் இறுக்கம் இருந்தால் குமிழி பெரிதாகும். அவசரமாக வகுப்புக்கு வந்த நாளில் கவனித்துப் பாருங்கள். கடைசியில் மேற்பரப்பில் மெல்ல ஓட்டிப் பெருங்குமிழிகளை உடைத்து, ஜப்பானிய 'நோ' எழுத்துப்போல ஒரு சுற்றுச் சுற்றி நடுவில் தூக்குங்கள். இன்னொன்று, காணொளிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். உங்கள் மரபில் நுரை முழுக்க மூடவேண்டும். ஒமோதெசென்கே என்ற இன்னொரு மரபினர் பிறைபோல ஓர் இடத்தை வெறுமையாக விடுவார்கள்.

குறிப்பை ரயிலில் திரும்பும்போது எழுதுங்கள். முறை முழுவதையும் அல்ல, ஆசிரியர் திருத்திய இடங்களை மட்டும். ஒரே திருத்தம் நான்கு வாரம் வந்தால், உங்கள் கவனம் எங்கே நழுவுகிறது என்பது தெரிந்துவிடும்.

மே மாதம் ஃபுரோ திரும்பும்போது கோடைமுறை பாதி மறந்திருக்கும். அதற்காக இப்போதே கவலைப்படவேண்டாம், பல வருடம் பயின்றவர்களும் அந்த முதல் வாரம் தடுமாறுவார்கள்.