அக்கா ‘எல்டர்’, அண்டா ‘ஓல்டர்’

இந்த இதழுக்கு வந்த மொழிக் கேள்விகளில் ஆறு ‘ஓல்ட்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை ஒன்றாகப் பார்த்துவிடலாம்.

‘மை சிஸ்டர் இஸ் எல்டர் தேன் மீ’ என்று என் மகள் கட்டுரையில் எழுதியிருந்தாள். பள்ளியில் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ‘எல்டர் சிஸ்டர்’ சரி என்றால் இது மட்டும் ஏன் தப்பு?
– வாசகி, தேனி

அடித்தது சரிதான். ‘எல்டர்’ பெரும்பாலும் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும்: ‘மை எல்டர் சிஸ்டர்’, ‘தேர் எல்டர் சன்’. ‘தேன்’ போட்டு இருவரை ஒப்பிடும் இடத்துக்கு அது வராது. அங்கே ‘ஓல்டர்’தான்: ‘ஷீ இஸ் த்ரீ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ’.

இந்தத் தப்பு நம் தமிழ் வழியாகவே உள்ளே வருகிறது. ‘எல்டர்’ என்பதற்கு அச்சு அசலான சொல் நம்மிடம் உண்டு: ‘மூத்த’. ஆனால் அது இரண்டு வேலையும் பார்க்கும். ‘மூத்த மகள்’ என்போம். ‘அவள் என்னைவிட மூணு வயசு மூத்தவள்’ என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் முதல் வேலை ‘எல்டருக்கு’, இரண்டாவது ‘ஓல்டருக்கு’. உங்கள் மகள் தமிழில் சரியாக யோசித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

‘எல்டர்’ என்பது குடும்ப வட்டத்துச் சொல். வீட்டுக்கும் அண்டாவுக்கும் ஆலமரத்துக்கும் அது கிடையாது. ‘திஸ் ஹவுஸ் இஸ் ஓல்டர்’ என்றே சொல்ல வேண்டும். மாறாக, அக்காவை ‘ஓல்டர் சிஸ்டர்’ என்றால் தப்பில்லை. அமெரிக்கர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எது என்று குழம்பும்போது ‘ஓல்டர்’ போட்டுவிடுங்கள். அது எங்கும் செல்லும்.

‘எல்டெஸ்ட்’ போடும்போது தலையை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டே பிள்ளைகள் இருந்தால் பெரியவன் ‘எல்டர் சன்’. மூன்றாவது ஒருவன் இருந்தால்தான் ‘எல்டெஸ்ட்’. இரண்டே பையன்கள் உள்ள வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ‘எல்டெஸ்ட் சன்’ என்று அச்சாகியிருந்தால், ‘இன்னொரு பையன் எங்கே?’ என்று யாராவது தேட இடமுண்டு.

‘ஓல்ட்’ என்பதிலிருந்து ‘ஓல்டர்’ வருவது புரிகிறது. ‘எ’ எங்கிருந்து வந்தது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

உண்மையில் ‘எல்டர்’தான் மூத்தது! ‘ஓல்டர்’ பின்னால் வந்த தம்பி.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் சில விகுதிகளில் ‘இ’ ஒலி இருந்தது. அது தனக்கு முந்தைய உயிரொலியைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது. பிறகு அந்த ‘இ’ தேய்ந்து மறைந்துவிட்டது. மாறிய உயிர் மட்டும் தங்கிவிட்டது. ‘ஃபுட்’ பன்மையில் ‘ஃபீட்’ ஆவதும், ‘லாங்’ ‘லெங்த்’ ஆவதும், ‘ஸ்ட்ராங்’ ‘ஸ்ட்ரெங்த்’ ஆவதும் இதே கதைதான். பிற்காலத்தில் மக்கள் ‘கோல்ட் – கோல்டர்’ போல ‘ஓல்ட்’ என்பதோடு நேரடியாக ‘அர்’ சேர்த்துப் புதிதாக ‘ஓல்டர்’ செய்துகொண்டார்கள். பழைய வடிவம் குடும்பத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் சீக்கிரம் மாறுவதில்லை.

என் பள்ளி ஆசிரியருடன் எடுத்த படத்தை ‘வித் மை ஓல்ட் டீச்சர்’ என்று போட்டேன். ‘நான் கிழவனா?’ என்று கேட்டுவிட்டார். நான் எழுதியது தப்பா?
– வாசகர், கரூர்

தப்பில்லை. ஆனால் அந்தத் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு என்பதால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. ‘ஓல்ட்’ ஒரு சொல்லானாலும் தமிழில் அது மூன்றாகப் பிரியும். ஒன்று, வயதான. இரண்டு, முன்பு இருந்த. மூன்று, நெடுநாள் பழகிய. ‘மை ஓல்ட் ஆஃபீஸ்’ என்றால் கட்டடம் பழசு என்று பொருளில்லை. முன்பு வேலை பார்த்த இடம். அது நேற்றுக் கட்டிய கண்ணாடி மாளிகையாகவும் இருக்கலாம். ‘ஓல்ட் ஃப்ரெண்ட்’ என்றால் நெடுநாள் நண்பர்; அவருக்கு 20 வயதாகவும் இருக்கலாம். இனி நண்பரில்லை என்று சொல்ல வேண்டுமானால் ‘ஃபார்மர் ஃப்ரெண்ட்’ என்பார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் வம்புதான்.

இந்த மூன்றாவது பொருள் தமிழுக்கும் புதிதல்ல. திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘பழைமை’. அங்கே பேசப்படுவது பழம்பொருளும் இல்லை, முதுமையும் இல்லை. நாள்பட்ட நட்பின் உரிமை. ‘ஓல்ட் ஃப்ரெண்டில்’ உள்ள ‘ஓல்ட்’ அதுதான்.

உங்கள் படத்துக்கு ‘மை ஃபார்மர் டீச்சர்’ என்று போட்டால் குழப்பம் தீரும், ஆனால் கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும். ‘மை ஸ்கூல் டீச்சர்’ என்பதே அழகு. கூடவே ஒன்று: யாழ்ப்பாணத்தில் ‘பழைய மாணவர் சங்கம்’ என்பதைத் தமிழ்நாட்டில் ‘முன்னாள் மாணவர் சங்கம்’ என்கிறோம். முதலாவது, ‘ஓல்ட் பாய்ஸ்’ என்ற பிரிட்டிஷ் பள்ளி வழக்குக்கு நேரான தமிழ். இரண்டுமே சரி. ஆனால் ‘ஐ ஆம் ஆன் அலும்னி’ என்று மட்டும் எழுதாதீர்கள், ‘அலும்னி’ பன்மை. ஒருவர் என்றால் ‘அலும்னஸ்’, பெண்ணானால் ‘அலும்னா’.

‘12 இயர்ஸ் ஓல்ட் பாய்’, ‘12 இயர் ஓல்ட் பாய்’ – எது சரி?
– வாசகி, சிங்கப்பூர்

பையனுக்கு முன்னால் வந்தால் ‘இயர்’, பின்னால் வந்தால் ‘இயர்ஸ்’. ‘எ 12-இயர்-ஓல்ட் பாய்’. ஆனால் ‘தி பாய் இஸ் 12 இயர்ஸ் ஓல்ட்’. முன்னால் வரும்போது மூன்று சொற்களும் சேர்ந்து ஒரே அடைமொழியாகிவிடுவதால் பன்மை ‘ஸ்’ உதிர்ந்துவிடும். நடுவில் இரண்டு சிறுகோடுகள் போட வேண்டும். ‘ஃபைவ்-ஸ்டார் ஹோட்டல்’ என்கிறோமே தவிர ‘ஃபைவ்-ஸ்டார்ஸ் ஹோட்டல்’ என்பதில்லையே, அதே கணக்கு.

‘மை ஏஜ் இஸ் 12 இயர்ஸ் ஓல்ட்’ என்பது இரட்டிப்பு. ‘ஏஜ்’ போட்டால் ‘ஓல்ட்’ வேண்டாம். இந்த இடத்து ‘ஓல்டில்’ முதுமையே இல்லை, வெறும் அளவுதான். பிறந்து இரண்டு நாளான சிசுவும் ‘டூ டேஸ் ஓல்ட்’.

பழைய பித்தளை அண்டா ஒன்றை ‘ஆன்டீக்’ என்றும் ‘வின்டேஜ்’ என்றும் சொல்லி விற்கிறார்கள். இரண்டும் ஒன்றா? ‘ஏன்ஷியன்ட்’ எங்கே வரும்?
– வாசகர், கும்பகோணம்

ஒன்றல்ல. விற்பவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் விலையைக் கேட்பதற்கு முன் வயதைக் கேளுங்கள்.

வியாபார வழக்கில் ‘ஆன்டீக்’ என்றால் நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சிற்பம், நாணயம் போன்றவற்றுக்கு நூறு ஆண்டு என்றே கோடு கிழிக்கிறது. அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு. அந்தக் கோட்டுக்குள் வரும் தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே இது வெறும் சொல் விளையாட்டில்லை.

‘வின்டேஜ்’ முதலில் திராட்சை அறுவடையைக் குறித்த சொல். எந்த ஆண்டு அறுவடையில் செய்த ஒயின் என்பதைச் சொல்லவந்து, பிறகு ‘ஒரு காலத்தின் முத்திரை உள்ள பொருள்’ என்று விரிந்தது. அதனால் நூறு வயது தேவையில்லை. ஆனால் ‘எந்தக் காலத்தது’ என்று சொல்லத் தெரிய வேண்டும். வண்டிகளுக்கு இந்தியாவில் 2021இல் வந்த விதி 50 ஆண்டு என்கிறது. இங்கிலாந்தில் ‘வின்டேஜ் கார்’ என்றால், பொதுவாக முதல் உலகப் போருக்குப் பின் 1930 வரை செய்த கார். அங்கே அது வயதுக் கணக்கில்லை, காலக் கணக்கு.

‘ஏன்ஷியன்ட்’ என்பது வரலாற்றுச் சொல். ரோம், எகிப்து, கீழடி என்று பேசும்போது பொருந்தும். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலை வரலாற்று ஆசிரியர்கள் இடைக்காலத்தில் வைப்பார்கள். ஆனால் 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டத்தில் நூறாண்டுக் கட்டடமே ‘ஏன்ஷியன்ட்’ ஆகிவிடும். சட்டத்தின் தமிழும் ஆங்கிலமும் தனி உலகம். மனிதர்களை ‘ஏன்ஷியன்ட்’ என்றால் கிண்டல்தான்.

உங்கள் அண்டா 1960களில் வாங்கியதென்றால் ‘வின்டேஜ்’. அதற்கு ஈயம் பூச வேண்டியிருந்தால் வெறும் ‘ஓல்ட்’.

வயதானவரை ‘ஓல்ட் மேன்’ என்பது மரியாதைக் குறைவா?
– வாசகர், சென்னை

முகத்துக்கு நேரே என்றால், ஆம். ‘எல்டர்லி’ மென்மையானது, நம் ‘வயசானவர்’ போல. அரசுத் தாள்களில் ‘சீனியர் சிட்டிசன்’. இங்கே அது 60 வயதில் தொடங்குகிறது. ‘ஏஜ்ட்’ என்பதை ‘ஏஜ்ட் 60’ எனும்போது ஓரசையாகவும், ‘தி ஏஜிட்’ என்று முதியோரைக் குறிக்கும்போது ஈரசையாகவும் உச்சரிக்க வேண்டும்.

‘சீனியர்’ லத்தீனில் ஏற்கெனவே ‘இன்னும் மூத்த’ என்று பொருள்படும் ஒப்பீட்டுச் சொல். அதனால் அதற்கு ‘தேன்’ கூடாது; ‘ஹீ இஸ் சீனியர் டு மீ’. நம் ‘எனக்கு மூத்தவர்’ என்பதில் உள்ள ‘கு’வை அப்படியே ‘டு’ என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ‘சார்’ என்று நாம் நாள் முழுக்கக் கூப்பிடுகிறோமே, அந்த ‘சர்’ பிறந்ததும் இந்த ‘சீனியரிலிருந்து’தான்.